மூடிய சீட்டுப் பொட்டலம்: வாங்கலாமா, வேண்டாமா?

தேனி மாவட்டத்து ஓடைப்பட்டியில் விளையும் விதையில்லாத் திராட்சையை நீங்கள் சுவைத்திருக்கலாம். அங்கே பழம் வாங்குவோர் முதலில் குலையைத் தூக்கிப் பார்ப்பர். ஒரு பழத்தை வாயிலிட்டுப் பார்ப்பர். அதன் பின்னரே விலை பேசுவர். வியாபாரி ஒருவர் பழத்தை மூடிய பொட்டலங்களில் வைத்துக்கொண்டு, "இருபதில் ஒன்றில் நல்ல குலை இருக்கும்; மற்றவற்றில் உதிரிப் பழம்தான். முதலில் பணத்தை வையுங்கள், பிறகு பிரியுங்கள்" என்று கூறுவதாக வைத்துக்கொள்வோம். வாங்குவீர்களா? மாட்டீர்கள். ஆனால் இதே வியாபாரம் கைபேசித் திரையில் நாள்தோறும் நடைபெறுகிறது. வாங்குவோருள் என் மாணவனும் ஒருவன்.

அவன் ஓடைப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து எங்கள் கல்லூரியில் முதலாண்டு இயற்பியல் படிப்பவன். தாயார் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்படி மாதம் ரூ.1,000 அவனுடைய வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஒரு நாள் ஆய்வுக்கூடத்தில், "சார், இந்தச் சீட்டு விளையாட்டில் ரூ.499 கட்டினால் லாபமா, நட்டமா?" என்று கேட்டான். இரண்டு மாதம் கட்டிய பிறகுதான் கேட்டான் என்பது பின்னர் தெரிந்தது. அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். பணம் வைத்து ஆடும் இணையவழி ரம்மி வேறு, இது வேறு. ரம்மியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட சட்டத்திற்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் தடைப்பட்டியலில் இடம்பெறலாகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் மைய அரசே, பணம் வைத்துப் பணம் பெறும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. என் மாணவன் ஆடும் ஆட்டத்திலோ பணம் உள்ளே போகும், திரும்பி வராது. கிடைப்பதெல்லாம் திரையில் தோன்றும் சீட்டுகளே. சட்டம் குறுக்கே நிற்கவில்லை என்பதனாலேயே ஒரு பொருள் வாங்கத் தக்கதாகிவிடாது. ஆகவே கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த ஆட்டத்தின் கடையில் ரூபாய்க்கு நேரடியாகச் சீட்டு கிடைப்பதில்லை. ரூ.499 கொடுத்தால் 500 'வைரம்' கிடைக்கும். ஒரு பொட்டலத்தின் விலை 120 வைரம். நான்கு பொட்டலம் வாங்கினால் 20 வைரம் மிஞ்சும். அந்த மிச்சம் தற்செயலானதென்று எனக்குத் தோன்றவில்லை. அது வீணாகிறதே என்ற எண்ணந்தான் அடுத்த ரூ.499-க்கு வழி செய்கிறது. அன்றியும், 120 வைரம் என்னும்போது ஏறக்குறைய ரூ.120 செலவழிகிறது என்பது மனத்தில் படுவதில்லை.

இனிச் சீட்டுக்கு வருவோம். ஒரு பொட்டலத்தில் அரிய சீட்டு இருப்பதற்கான நிகழ்தகவு 20-இல் 1 என்று ஆட்டத்திலேயே ஒரு மூலையில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். "அப்படியானால் 20 பொட்டலம் வாங்கினால் ஒன்று நிச்சயம்தானே?" என்றான் மாணவன். இதுவே பலரும் செய்யும் பிழை. ஒரு பொட்டலத்தில் அரிய சீட்டு கிடைக்காமற் போவதற்கான நிகழ்தகவு 0.95. இருபதிலும் கிடைக்காமற் போக, 0.95-ஐ இருபது முறை பெருக்க வேண்டும். விடை 0.36. அதாவது 20 பொட்டலம் வாங்கும் 100 பேரில் சுமார் 36 பேர் வெறுங்கையோடு நிற்பர். நூற்றுக்கு 95 பங்கு உறுதி வேண்டுமாயின் 59 பொட்டலம் வாங்கியாக வேண்டும். விலை சுமார் ரூ.7,000; அவனுடைய ஏழு மாத உதவித்தொகை.

"இதுவரை 15 பொட்டலத்தில் வரவில்லை, இனி வந்தே தீரும்" என்பது அடுத்த பிழை. கதிரியக்கம் படித்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். ஓர் அணுக்கரு எத்தனை காலம் சிதையாமல் இருந்தது என்பது, அடுத்த நொடியில் அது சிதைவதற்கான வாய்ப்பைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. அணுக்கருவிற்கு வயது கிடையாது. பொட்டலத்திற்கும் அவ்வாறே. ரேடியத்திற்கு அரை ஆயுட்காலம் இருப்பது போல் இதற்கும் ஒன்று உண்டு. அது சுமார் 14 பொட்டலம். பதினான்கின் முடிவில் பாதிப் பேரிடம் அரிய சீட்டு இராது. இருபத்தெட்டின் முடிவில் அந்தப் பாதியிலும் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் இராது. இத்தனை பொட்டலத்திற்குள் ஒன்று உறுதி என்று சில ஆட்டங்களில் விதி வைத்திருப்பதுண்டு. அங்கு மட்டுமே இக்கணக்கு மாறும்.

இதுவரை சொன்னது ஏதேனும் ஓர் அரிய சீட்டைப் பற்றியது. அந்த ஆட்டத்தில் அரிய சீட்டுகள் 20 வகை. மாணவனுக்கு வேண்டியதோ அவற்றுள் ஒன்று. எல்லா வகைக்கும் சம வாய்ப்பு என்று கொண்டால், நிகழ்தகவு 20-இல் 1-ஐ மீண்டும் 20-ஆல் வகுக்க, 400-இல் 1 ஆகிறது. சராசரியாக 400 பொட்டலம், ஏறக்குறைய ரூ.48,000. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு முழுவதற்கும் கிடைக்கும் உதவித்தொகையே ரூ.36,000-தான்! இதை அவனையே கரும்பலகையில் போடச் சொன்னேன். போட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நின்றான்.

இருபது வகையையும் சேர்க்க ஆசைப்படுவோர் நிலை இன்னும் மோசம். சராசரியாக 72 அரிய சீட்டுகள் கிடைத்தால்தான் 20 வகையும் நிறையும். முதல் பத்து வகை 13 அல்லது 14 சீட்டிலேயே சேர்ந்துவிடும். மீதிப் பத்துக்குத்தான் 58-க்கும் மேல். தொடக்கத்தில் விரைவாகச் சேர்வதே ஆளை மயக்குகிறது. சீட்டுகளை முழுத் தொகுதியாகச் சேர்த்தால் பரிசு என்னும் இம்முறையை ஜப்பான் 2012-இல் சட்டத்திற்குப் புறம்பானதென அறிவித்தது. நிகழ்தகவை வெளியிட வேண்டுமெனச் சீனா 2017-இல் விதித்தது. பணத்திற்கு விற்கும் இத்தகைய மூடுபெட்டிகளைச் சூதாட்டமாகவே கருதலாம் என்று 2018-இல் பெல்ஜியம் முடிவு செய்தது.

எதிர்த்தரப்பையும் கேட்போம். "சினிமாவுக்குச் செலவு செய்கிறோமே, இதற்குச் செய்தால் என்ன?" என்பர். நியாயமான கேள்வி. சீட்டு விளையாட்டு மூளைக்கு நல்ல வேலை தருவது. இவ்வகை ஆட்டத்திற்கு 1993-இல் வழிகாட்டிய 'மேஜிக்' ஆட்டத்தை அமைத்த ரிச்சர்ட் கார்பீல்ட் ஒரு கணித அறிஞர். மிகுதியாய்ச் சேரும் சீட்டைக் கொடுத்து வேண்டியதைப் பெறும் வசதியும் சில ஆட்டங்களில் உண்டு. அங்கு நான் போட்ட செலவு குறையும். ஆனால் சினிமா டிக்கெட் வாங்கும்போது எந்தப் படம் என்பது தெரியும். பொட்டலத்தில் அது தெரியாது. அட்டைச் சீட்டாயின் நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். திரைச் சீட்டு நிறுவனத்தின் கணினியில் இருப்பது. 2018 நவம்பரில் வெளிவந்த 'ஆர்ட்டிபேக்ட்' என்னும் ஆட்டத்தில் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டன. 2021 மார்ச்சில் அதை மேம்படுத்தும் பணி நிறுத்தப்பட்டு, விளையாடுவதற்கு எல்லாச் சீட்டும் எல்லோருக்கும் இலவசமாக்கப்பட்டன. காசு கொடுத்துச் சேர்த்தவர்களின் மனநிலையை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே என் முடிவு இது. உள்ளிருப்பது இன்னதென்று முன்கூட்டியே தெரிந்து, ஒரே முறை கொடுத்து முடிவதாயின், கையிலுள்ள காசு தாங்குமானால் வாங்கலாம். அது பொழுதுபோக்குச் செலவு. உள்ளிருப்பதை அறிய முடியாத பொட்டலமாயின் வேண்டாம். வாங்கத்தான் வேண்டுமென்றால், பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல், நீங்கள் விரும்பும் சீட்டு கைக்கு வர ஆகும் மொத்த விலையை ரூபாயில் எழுதிப் பாருங்கள்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு சொம்பில் 19 புளியங்கொட்டைகளையும் ஒரு குன்றிமணியையும் இடுங்கள். கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இருபது முறை செய்யுங்கள். எங்கள் வகுப்பில் 40 மாணவர்கள் செய்தனர். 15 பேருக்குக் குன்றிமணி ஒரு முறையும் வரவில்லை. ஓடைப்பட்டி மாணவன் அந்தப் பதினைந்து பேரில் ஒருவன். "ஆட்டம் நல்ல ஆட்டம்தான் சார், கடைதான் சரியில்லை" என்றான். இப்போதும் அவன் காசு கட்டாமல் அதை ஆடிக்கொண்டுதான் இருக்கிறான். அடிக்கடி தோற்கிறானாம்.