தோற்றவர் கட்டிய பணம்

டிஸ்க் கால்ஃப் என்பது பந்துக்குப் பதில் ஃப்ரிஸ்பீ மாதிரி தட்டை, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடையில் எறிகிற ஆட்டம். கூடையை வடிவமைத்த எட் ஹெட்ரிக்தான் 1976-ல் அமெரிக்காவில் பி.டி.ஜி.ஏ. சங்கத்தையும் ஆரம்பித்தார்.

சங்கத்தின் போட்டிகளில் அமெச்சூர்களுக்கு ரொக்கப் பரிசு கிடையாது, பொருளாகத் தருவார்கள். என்ன பொருள்? பெரும்பாலும் இன்னும் நாலு தட்டு! வீட்டில் ஏற்கெனவே அடுக்கி வைத்திருப்பார். தட்டுகளை மொத்த விலைக்கு வாங்கி, சில்லறை விலையில் கணக்குக் காட்டுவது வழக்கம். வித்தியாசத்தில் போட்டிச் செலவு நடக்கும். சில இடங்களில் புரொஃபஷனல்களின் ரொக்கப் பரிசுக்கும் போகும்.

தப்பில்லை, செலவுக்கு யாராவது தரணுமே. ஆனால் இதைப் பரிசு என்பதுதான் உதைக்கிறது. தோற்றவர் கட்டிய நுழைவுக் கட்டணம் ஜெயித்தவரிடம் பிளாஸ்டிக்காகப் போய்ச் சேருகிறது. ஏலச்சீட்டிலாவது எல்லோருக்கும் ஒருமுறை விழும்! போதாததற்கு, நன்றாக ஆடுபவர்கள் சிலர் மேல் பிரிவுக்குப் போகாமல் கீழேயே தங்கிப் பரிசை அள்ளுகிறார்கள். இதற்கு ‘சாண்ட்பேகிங்’ என்று பெயரே இருக்கிறது. ரேட்டிங் வரம்பு வைத்தும் முழுசாக ஒழியவில்லை.

குறைந்த கட்டணம், கோப்பை மட்டும் என்று நடத்துகிற போட்டிகளும் உண்டு. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அமெச்சூர் என்றால் ஆசைக்கு ஆடுபவர். மிச்சமாகிற காசில் தட்டை அவரே வாங்கிக்கொள்ளட்டும், பிடித்த கலரில்.