சாட்சிக் கூண்டைக் கவனியுங்கள்

நீதிமன்றப் படம் என்றாலே நம் கண் சட்டத்தரணி மேல்தான் போகும். குரலை உயர்த்துகிறவரும் மேசையைத் தட்டுகிறவரும் அவர்தானே. ஸ்டான்லி கிரேமர் இயக்கி 1961இல் வெளியான ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பெர்க்’ படத்துக்கும் அப்படித்தான் ஆயிற்று. எதிரிகள் தரப்புச் சட்டத்தரணி ஹான்ஸ் ரோல்ஃபாக வந்த மாக்ஸிமிலியன் ஷெல்லுக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் கிடைத்தது. தகுதியான விருதுதான். ஆனாலும் மூன்று மணிநேரப் படத்தைத் தூக்கி நிறுத்துவது, ஒரே ஒரு காட்சியில் வந்துபோகும் மொன்ட்கோமரி கிளிஃப்ட் என்பேன்.

ஹிட்லர் காலத்துச் சட்டங்களின்படி தீர்ப்பெழுதிக் கொடுத்த நீதிபதிகள், நீதித்துறை அதிகாரிகள் மீது 1947இல் நியூரம்பெர்க்கில் வழக்கு நடந்தது. அதில் பத்துப் பேர் குற்றவாளிகள் ஆனார்கள். படம் அதைத் தழுவியது. கிளிஃப்டுக்கு ருடோல்ஃப் பீட்டர்சன் என்ற பாத்திரம். புத்தி மந்தம் என்று முத்திரை குத்திக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்ட ஏழைத் தொழிலாளி.

குறுக்கு விசாரணையில் ஷெல் அவசரப்படுவதில்லை. நல்ல சுழற்பந்து வீச்சாளர் ஓவருக்கு ஓவர் ஒரே இடத்தில் பந்தைப் போடுவதுபோல, படிப்பு, குடும்பம், தாயார் என்று ஒரே கோட்டில் கேட்டுக்கொண்டே வருகிறார். மூன்று சொற்களைக் கொடுத்து ஒரு வாக்கியம் அமைக்கச் சொல்லும் அந்தப் பழைய பரீட்சையையும் எடுத்துப் போடுகிறார். கிளிஃப்டின் கண்கள் அலைகின்றன. வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து தாயின் புகைப்படத்தை எடுக்கிறார். இவளா புத்தி மந்தமானவள் என்று மன்றத்தைப் பார்த்துக் கேட்கிறார். அந்த நேரம் அவர் கை நடுங்குவதைப் பாருங்கள். மோட்டார் விபத்தில் முகமும் உடலும் சிதைந்து, வசனத்தை நினைவில் வைக்க முடியாமல் தவித்த காலம் அது. வருகிறபடி பேசுங்கள் என்று கிரேமர் விட்டுவிட்டார். அந்தத் தடுமாற்றமே பாத்திரத்தின் உயிராகிவிட்டது.

தோட்டத்தில் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காமன் எரிந்தபின் ரதி வேடக்காரர் அழும் அழுகைக்கு லயமே திரண்டு அழும். அந்த அழுகை கூத்துக்கு வேண்டும், அதன் அழகும் வேறு. நீதிமன்றத்தில் அது எடுபடாது. அங்கே அழுதால் ‘மிகைப்படுத்துகிறார்’ என்பார்கள், அழாவிட்டால் ‘துயரம் இல்லை’ என்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூச்சைப் பிடித்து நிற்பதுதான் சாட்சியின் வேலை. நடிகருக்கும் அதுதான் சோதனை.

இப்படி ஒரு படத்துக்கு உரிய வழக்கு நம் சப்ரகமுவ மாகாணத்திலேயே நடந்திருக்கிறது. 1989 பிற்பகுதியிலும் 1990 தொடக்கத்திலும் எம்பிலிப்பிட்டியவில் இருபத்தைந்துக்குக் குறையாத பாடசாலை மாணவர்கள் கடத்தப்பட்டு இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஜேவிபி கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று ஊர் ஊராக ஆட்களைத் தூக்கிய காலம். ஆனால் இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் வழக்கில் பேசப்பட்ட காரணம், பாடசாலை அதிபரின் மகன் சம்பந்தப்பட்ட ஒரு காதல் கடிதத் தகராறு. பெற்றோர் முகாம் வாசலுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார்கள். 1994 ஜனவரியில், இறக்குவானைக்கு அப்பால் தேயிலை மலைகள் சூழ்ந்த சூரியகந்தையில் மனிதப் புதைகுழி தோண்டப்பட்டபோது அந்தப் பிள்ளைகளின் பெயர்தான் எல்லோர் வாயிலும் வந்தது.

இரத்தினபுரி மேல் நீதிமன்றம் 1999 பெப்ரவரி 10இல் தீர்ப்பளித்தது. பாடசாலை அதிபருக்கும் இராணுவத்தினர் ஆறு பேருக்கும் பத்தாண்டுச் சிறை. முகாமுக்குப் பொறுப்பாயிருந்த பிரிகேடியர் விடுதலை. கொலைக்கான தண்டனை அல்ல இது. கடத்தலுக்கும் சட்டவிரோதமாக அடைத்துவைத்ததற்கும் கொடுத்தது. பிள்ளைகள் கிடைக்கவில்லை. இருந்தும், சீருடை போட்டவர்களைச் சாதாரண நீதிமன்றக் கூண்டில் ஏற்றித் தண்டித்த வழக்கு என்று இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடியவற்றில் அது ஒன்று. அதைச் சாதித்தவர்கள் எம்பிலிப்பிட்டியப் பெற்றோர். சிங்களத் தாய் தந்தையர். இதை வாசிக்கும் தோட்டத்துத் தமிழர் அவர்களுக்குத் தலைவணங்க வேண்டும் என்று நான் மனதார எழுதுகிறேன்.

படம் எடுப்பவருக்கு இன்னொரு பெரிய பாத்திரமும் காத்திருக்கிறது. மேல், தென், சப்ரகமுவ மாகாணங்களில் காணாமல் ஆக்கப்பட்டோரை விசாரிக்க 1994இல் அமைத்த ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மனோரி முத்தெட்டுவேகம. இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வாவின் மகள், கலவானைத் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினராயிருந்த சரத் முத்தெட்டுவேகமவின் மனைவி. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளைக் கேட்ட பெண். கேட்பதையே நடிப்பாக்கத் தெரிந்த ஒரு நடிகை வேண்டும் அதற்கு. நியூரம்பெர்க் படத்தில் நீதிபதியாக வரும் ஸ்பென்சர் ட்ரேசி பாதிநேரம் செய்வது கேட்பது மட்டும்தான். அதை அவர் எவ்வளவு நுணுக்கமாகச் செய்கிறார்!

அடக்கி எடுப்பது எப்படி என்பதற்கு ‘அர்ஜென்டீனா, 1985’ நல்ல பாடம். 2022இல் வந்தது. இராணுவ ஆட்சித் தளபதிகள் ஒன்பது பேர் மீதான வழக்கு. ரிக்கார்டோ டாரின் வழக்குத்தொடுநராக நடிக்கிறார். சிறைபிடிக்கப்பட்டு, ஓடும் காரில் பிள்ளை பெற்ற பெண் சாட்சி சொல்லும்போது கமரா பெரும்பாலும் அவர் முகத்திலேயே நிற்கிறது. பழைய சம்பவத்தைத் திரும்ப நடித்துக் காட்டுவதும் இல்லை. எம்பிலிப்பிட்டிய முகாமுக்குள் கமராவைக் கொண்டுபோய் அடி உதையைக் காட்டும் இயக்குநர் அந்தப் பெற்றோரின் சாட்சியை நம்பாதவர் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் தோட்டங்களுக்கு இந்தக் கூண்டு கிடைத்ததே இல்லை. 1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் தமிழருக்கு எதிராக நடந்த கலவரங்களில் அடிபட்டோம். இரண்டாவது முறை இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்து லயங்களுக்குத் தீ வைத்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்குப் போய்க் காட்டை வெட்டிக் குடியேறின. 1977க்கு சன்சோனி ஆணைக்குழு இருந்தது. அது விசாரித்து அறிக்கை எழுதியது, அறிக்கை 1980இல் வந்தது. 1982இல் பாராளுமன்றம் கொண்டுவந்த காப்புச் சட்டமோ, 1977 ஓகஸ்ட் மாதத்தில் கலவரத்தை அடக்க ‘நல்லெண்ணத்தோடு’ செய்தவை என்று அமைச்சர்கள், அதிகாரிகள், படையினரின் செயல்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. பின்பு அந்தக் காலவரம்பு 1988 டிசம்பர் 16 வரை நீட்டப்பட்டது. எம்பிலிப்பிட்டியக் கடத்தல்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியவை. அந்தத் தேதிக்கு முன்னால் விழுந்தவை எங்கள் லயங்கள்.

1981இல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. கொழுந்தெடுத்தும் பால் வெட்டியும் ஓய்ந்து, இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யார் வீடு எரிந்தது, யார் வந்தார்கள், எந்த வழியாக ஓடினோம் என்று நாள் நேரத்தோடு சொல்லக்கூடியவர்கள் அவர்கள். தோட்டத்து இளைஞர்கள் வருடாவருடம் மேடை நாடகம் போடுகிறார்கள். அடுத்த நாடகத்துக்கு முன் அந்தப் பாட்டிமாரிடம் போய் உட்காரட்டும். குறுக்கே பேசாமல், முழுவதையும் கைபேசியில் பதிவு செய்யட்டும். பேச்சு நின்றாலும் பதிவை நிறுத்த வேண்டாம்.