அஞ்சில் ஒரு பங்கு: கார்டன் புத்தகமும் ஃபைபர் போட்டும்

பொருளறிவியலைப் பொதுவாசகருக்குச் சொன்ன புத்தகங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜே. இ. கார்டன் 1968இல் எழுதிய 'தி நியூ சயின்ஸ் ஆஃப் ஸ்ட்ராங் மெட்டீரியல்ஸ்'. கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர் என்பதால் மனுஷன் சூத்திரத்தை விடப் படகையும் பலகையையும் நம்புகிறார். ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் அதிலிருந்து ஒரே ஒரு கருத்தை மட்டும் பிய்த்தெடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதோடுதான் எனக்குச் சண்டை.

கருத்து இதுதான். கண்ணாடி ஏன் பொசுக்கென்று உடைகிறது? 1920இல் கிரிஃபித் காட்டினார்: ஒரு மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 170 மெகாபாஸ்கலில் உடையும் கண்ணாடி, 3 மைக்ரான் இழையாக இழுக்கப்பட்டால் 3,000ஐத் தாண்டித் தாங்குகிறது. கண்ணாடி அதேதான். அதிலுள்ள கீறல்களின் அளவுதான் வேற. விரிசலின் முனையில் விசை குவிகிறது, அதனால் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த என்ன வழி? 1964இல் குக்கும் கார்டனும் சொன்ன பதில் விநோதமானது: உள்ளே சில இடங்களில் ஒட்டு பலவீனமாக இருக்கட்டும். விரிசல் வந்து சேரும் முன்பே அந்த ஒட்டு விலகி வாயைத் திறக்கும். விரிசல் அதில் விழுந்து மழுங்கிவிடும். ஒட்டின் பலம் பொருளின் பலத்தில் ஏறக்குறைய அஞ்சில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இது நடக்கும்.

அழகான யோசனை. உடனே எல்லாரும் "பலவீனமான ஒட்டு நல்லது" என்று முடித்துவிடுகிறார்கள். எந்த நாளில் அளந்த பலம் என்று யாரும் கேட்பதில்லை.

புதுச்சேரி வைத்திக்குப்பம் கரையில் நிற்கும் ஃபைபர் போட்டைப் பாருங்க. பெயர்தான் ஃபைபர், உள்ளே இருப்பது கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும். இழைக்கும் ரெசினுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. ஒட்டு ரொம்ப பலவீனமாக இருந்தால் ஒரு இழையின் சுமை இன்னொரு இழைக்குப் போகாது, போட்டு தொளதொளத்துவிடும். ரொம்ப பலமாக இருந்தால் விரிசல் நேராக ஓடி, மொத்தமும் சாதாரணக் கண்ணாடி மாதிரி உடையும். நடுவில் ஒரு குறுகின இடம் இருக்கிறது. போட்டு கட்டும் பட்டறையில் அது கிடைத்துவிடலாம்.

பிறகு கடல் ஆரம்பிக்கிறது. ரெசின் வழியே தண்ணீர் மெதுவாக ஊறும். ஜெல்கோட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டும். இழையின் மேல் இருக்கும் பூச்சு பிடி விடும். அலையில் ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு வளைந்து நிமிரும். 1980களின் கடைசியில் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் வந்தபிறகு வடபக்கம் மணல் அரித்துக் கல் கொட்டிய கரை இது, அடிபடுவதற்கும் குறைவில்லை. அஞ்சில் ஒரு பங்கு என்று வைத்த ஒட்டு, சில வருஷத்தில் பத்தில் ஒன்றாகக்கூட இறங்கலாம். அப்போது அது விரிசலை நிறுத்தும் இடம் இல்லை, அடுக்கு அடுக்காகப் பிரியும் இடம். வெளியே ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும்தான் தெரியும்.

கார்டனுக்கு ஈரத்தின் குணம் தெரியாதா? நன்றாகத் தெரியும். பசையையும் பிளைவுட்டையும் பற்றிய அத்தியாயத்தின் தலைப்பிலேயே கிளைடருக்குள் எலிகளை விட்டிருக்கிறார். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை ஈரத்தில் கெட்டுப்போகும் சங்கதியும் அவருக்கு அத்துப்படி. மரம், பசை என்று வரும்போது நனைந்துபோகும் ஒட்டு, விரிசல் கணக்கில் மட்டும் உலர்ந்தே இருக்கிறது. ரெண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலையை அவர் வாசகரிடம் விட்டுவிட்டார் என்பதுதான் என் குறை.

பழைய கட்டுமரத்தில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்ந்திருந்தது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே கயிறு. அலையில் கொஞ்சம் நழுவிக் கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். ஃபைபரை அப்படி அவிழ்க்க முடியாது. (கட்டுமரத்துக்கே திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை. அதில் எவ்வளவு வலை ஏற்ற முடியும்?)

கடன் வாங்கி போட்டு எடுக்கிறவர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் "எத்தனை மேட் போட்டிருக்கு?" தடிமன் கணக்கு அது. கேட்க வேண்டிய இன்னொன்று ரிப்பேரில் இருக்கிறது: ஈரம் காயாமல், பழைய பரப்பைத் தேய்க்காமல் மேலே ஒரு மேட் ஒட்டினால், போட்டிலேயே மோசமான ஒட்டு அதுதான். காசால் தட்டிப் பாருங்க. கணீரென்று கேட்கும் உடம்பில் அந்த இடம் மட்டும் பொத்துபொத்தென்று கேட்கும்.