பழைய உத்திரமும் புதிய நாகசுரமும்

தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறையை அடுத்துள்ள நரசிங்கம்பேட்டையின் நாகசுர ஆசாரிமார், தமக்கு வேண்டிய மரத்தை இடிபடும் பழைய வீடுகளிலிருந்தே பெரிதும் பெற்றுவந்துள்ளனர். தூணாகவும் உத்திரமாகவும் கதவு நிலையாகவும் பல பத்தாண்டுகள் நின்ற ஆச்சா மரமே கருவியின் உடற்குழலாகிய உலவுக்கு ஏற்றது என்பது அத்தொழிலில் ஊறிய கொள்கை. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்நாகசுரத்தின் சிறப்பைப் பேசுவோரும் அந்த மரத்தின் வயதையே முதலில் சொல்வர். இக்கொள்கையில் பட்டறை அறிவு எவ்வளவு, பழமையின்மேல் கொண்ட மயக்கம் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தாலன்றி, அருகிவரும் இம்மரத்துக்கு மாற்றுவழி தேட முடியாது.

தாவரவியலார் ஹார்ட்விக்கியா பைனேட்டா என வழங்கும் ஆச்சா, வறண்ட காடுகளில் மெல்ல வளர்வது. வைரம் பாய்ந்த அதன் நடுப்பகுதி நீரில் இட்டால் மூழ்கும் அளவுக்குக் கனமானது. உலவின் உட்துளை, ஊதுமுனையாகிய சீவாளியைத் தாங்கும் மேல்முனையில் ஒடுங்கி, அணசு எனப்படும் விரிந்த வாய்ப்பகுதி பொருந்தும் கீழ்முனை வரை படிப்படியாக அகன்று செல்லும் கூம்பு வடிவினது. இரண்டடிக்கு மேற்பட்ட நீளத்தில் அக்கூம்பு கோணாமல் அமையவேண்டும் என்பதோடு, வாசிப்பவரின் ஈர மூச்சு மணிக்கணக்கில் ஊடுருவியபின்னும் அது உப்பாமலும் நெளியாமலும் நிற்கவேண்டும். விரலால் மூடித் திறக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே உள்ள துளைகளை மெழுகால் அடைத்தும் குறைத்தும் சுருதியைத் திருத்தலாம். குழலே உருமாறிவிட்டால் மெழுகு என்ன செய்யும்?

பழைய மரத்தின் மெய்யான பயன் இங்கேதான் உள்ளது. வெட்டிய மரம் உலரும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை; மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைவிட வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருக்கம் மிகுதி. ஆகவே ஈரம் போகாத மரத்தில் வட்டமாகக் கடைந்த துளை, உலர உலர முட்டை வடிவாகிவிடும். கூரையின்கீழ் ஒரு தலைமுறைக்கு மேல் கிடந்த உத்திரத்தில் இச்சுருக்கமெல்லாம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும். வயது கூடக்கூட மரத்தின் சில வேதிப்பொருள்கள் சிதைவதால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பும் ஓரளவு குறைகிறது. உயிருள்ள மரம் எதுவும் இதற்காக வெட்டப்படுவதில்லை என்பது கூடுதல் நன்மை.

ஆனால் மரத்தின் முதுமையே நாதத்தைத் தருகிறது என்னும் கூற்றை அப்படியே ஏற்க இயலாது. வீணையில் பலாமரக் குடமும் பலகையும் தாமே அதிர்ந்து ஒலியைப் பரப்புவதால் அங்கு மரத்தின் குணம் நேராகவே செவிக்கு எட்டுகிறது. நாகசுரத்தில் முதன்மையாக அதிர்வன சீவாளியும் குழலினுள் உள்ள காற்றும்தான். வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் செய்த புல்லாங்குழல்களைக் கேட்டோரால் வேறுபடுத்திச் சொல்ல முடியவில்லை என்று 1971-இல் ஜான் கோல்ட்மன் சோதித்துக் காட்டினார். சீவாளிக் கருவிக்கு அந்த முடிவு முழுதும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாதெனினும், துளையின் அளவும் உட்சுவரின் வழவழப்பும் மரத்தின் வயதைவிட முக்கியமானவை என்று கருத அது இடம் தருகிறது. நாகசுர வித்துவான் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தேவைக்கேற்ப ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் என்னும் சுரம் பிசகாமல் பேசும் பாரி நாயனம் என்ற நாகசுர வகையை உருவாக்கியபோது மாறியது குழலின் அளவமைப்புத்தான். அச்சாதனையின் புகழில் பெரும்பங்கை மரத்துக்குக் கொடுப்பது ஆசாரியின் கணக்கறிவுக்குச் செய்யும் குறை.

பழைய மரத்தின் குறைகளும் சிறியவையல்ல. உத்திரத்தினுள் ஒடிந்து புதைந்த துருவேறிய ஆணி ஒன்று போதும், துளையிடும் கருவியின் முனை முறிவதற்கு. வெளியே தெரியாத வெடிப்பு, பாதி கடைந்த பின்னரே தலைகாட்டி, அதுவரையிலான உழைப்பை விறகாக்கிவிடும். இவற்றினும் பெரிய குறை, இம்மரம் யாரும் திட்டமிட்டுச் சேர்த்ததன்று என்பது. ஓட்டு வீடும் ஆச்சா உத்திரமும் வழக்கொழிந்து கான்கிரீட் வந்தபின் எழுந்த வீடுகளை நாளை இடித்தாலும் அவற்றிலிருந்து உலவு கிடைக்கப்போவதில்லை.

தொழிலுக்குத் தேவை ஈரம் வற்றி அடங்கிய மரமேயன்றி இடிந்த வீடன்று எனில், அதைத் திட்டமிட்டே உண்டாக்கலாம். ஓபோ, கிளாரினெட் போன்ற மேலைநாட்டுக் குழல் கருவிகளைச் செய்வோர் கருமரத்தைக் கருவியின் அளவுக்குத் துண்டாக்கி, சிறு துளையிட்டு, ஆண்டுக்கணக்கில் கிடத்திவைத்த பின்னரே இறுதியாகக் கடைகின்றனர். பருத்த உத்திரத்தைவிட மெலிந்த துண்டு விரைவாகவே உலரும். புதிதாக வாங்கும் ஆச்சாவுக்கும் இதைச் செய்யத் தடை, பணம் முடங்குவதுதான். இன்று வாங்கிய மரத்துக்குப் பல ஆண்டு கழித்து விலை காணும் வசதி சிறு பட்டறைகளுக்கு இல்லை. புவிசார் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி மரத்தை வாங்கித் தராது. கூட்டுறவாக ஒரு மரக்கிடங்கு அமைத்து, துண்டு ஒவ்வொன்றிலும் வெட்டிய ஆண்டைப் பொறித்து, முறைவைத்து வழங்குவதற்கு முதலீடு செய்யப்போவது யார் என்பதே இப்போது விடை வேண்டி நிற்பது.