தபசு மரமும் காளமாமுனி ஓமமும்

தருமபுரி மாவட்டத்துத் திரௌபதையம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் வில்லிபாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வடக்கத்தி, தெற்கத்தி, மேற்கத்தி என்று பாணி பிரிப்பவர்கள் அடவையும் மெட்டையும் உடுப்பையும் பார்த்தே பிரிக்கிறார்கள். ஆனால் கதையில் வரும் நல்ல மந்திரம் எது, கெட்டது எது என்று தீர்ப்பதில் மூன்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அதன் விலையை யார் உடம்பு கொடுக்கிறது?

அர்ச்சுனன் தபசில் வேஷங்கட்டியவர் உயர்ந்த மரத்தில் படிக்கொரு பாட்டாக ஏறுகிறார். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழ, பிள்ளைவரம் கேட்டு நிற்பவர்கள் முந்தானை ஏந்துகிறார்கள். அர்ச்சுனன் சிவனிடம் கேட்கும் பாசுபதம் உலகையே அழிக்கவல்ல படைதான்; அதற்கான பாட்டை அவர் ஊரறியத் தாமே படுகிறார். தபசைக் கெடுக்கத் துரியோதனன் ஏவிய மூகாசுரன் பன்றியாக வருகிறான். சிவனும் வேடனாகத்தான் வருகிறார். உருமாறும் வித்தை இருவருக்கும் பொது. காளமாமுனி கதையோ இதைவிடக் கூர்மை. துரியோதனன் வற்புறுத்த, பாண்டவரைக் கொல்ல அவர் ஓமம் வளர்க்கிறார். எழுந்த பூதம் காட்டுக்குப் போனால், நச்சுப் பொய்கையருகே பாண்டவர்கள் உணர்வற்றுக் கிடக்கிறார்கள். செத்தவர்களைக் கொல்லவா ஏவினாய் என்று திரும்பி வந்து முனிவரையே கொன்றுபோடுகிறது. அந்தப் பொய்கையை உண்டாக்கியவன் தருமதேவன்! நஞ்சு காப்பாகிறது, வேள்வி சூனியமாகிறது. முனிவர் மந்திரத்தில் பிழையில்லை. அடுத்தவர் உயிரை விலையாக வைத்ததுதான் பிழை.

அப்படியானால் போருக்கு முன் கொடுக்கும் களப்பலி என்ன கணக்கு என்று கேட்கலாம். பலிநாளான அமாவாசையையே முன்னுக்கு இழுத்த கண்ணன் மாயத்துக்கு விலை அர்ச்சுனன் மகன் அரவான் உயிர்தானே? அரவான் தானே முன்வந்தான், போரைப் பார்க்க வரமும் கேட்டு வாங்கினான் என்பது பாதி பதில்தான். பெரியவர்கள் கேட்டால் பிள்ளை மறுப்பானா? கூத்து இதை மழுப்புவதில்லை. களப்பலியை ஒப்பாரியோடு ஆடுகிறதே தவிர, கண்ணனின் சாமர்த்தியமாகக் கொண்டாடுவதில்லை.

ஆங்கில மறுமலர்ச்சி மேடையின் கேள்வி வேறு: மந்திரவாதி கைகோத்தது யாரோடு? 1604இல் அச்சான மார்லோவின் நாடகத்தில் ஃபாஸ்டஸ் தன் இரத்தத்தாலேயே பத்திரம் எழுதி, 24 ஆண்டு கழித்துத் தன் ஆன்மாவையே கொடுக்கிறான். விலை அவனுடையதுதான்; ஆனாலும் கைகோத்தது சாத்தானோடு என்பதால் பாவி. ஷேக்ஸ்பியரின் மந்திரவாதி ப்ராஸ்பரோ நல்லவர் வரிசையில் நிற்கிறார். ஆனால் அவருக்காக உழைப்பது ஏரியல் என்ற ஆவி. அது விடுதலை கேட்டால் தவணை சொல்கிறார், மிரட்டவும் செய்கிறார். கடைசியில் விடுவிக்கிறார் என்பது உண்மை, வேலை முடிந்த பிறகு. இந்த இரண்டு வேஷத்தையும் நம் சபையில் ஏற்றினால், கோமாளியின் கேலி முதலில் ப்ராஸ்பரோ மேல்தான் விழும்.