தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்காதீர்கள்!

பெரம்பலூரில் இருந்து நெடுஞ்சாலையில் சென்னைக்கு வந்தால் திருமாந்துறை சுங்கச்சாவடி குறுக்கே வரும். காருக்கு ஒரு கட்டணம், லாரிக்கு ஒரு கட்டணம். லாரிக்குள் இருப்பது செட்டிகுளம் சின்ன வெங்காயமா, அரியலூர் சிமென்ட்டா என்று யாரும் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பதில்லை. ‘இந்த மண்டிக்குப் போகிற வெங்காயம் இலவசம், மற்ற மண்டிக்கு என்றால் காசு’ என்று ஒருநாள் போர்டு வைத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் அந்த ஒரு மண்டிக்காரர் வைப்பதுதான் விலை.

நெட் நியூட்ராலிட்டி என்று மிரட்டுகிற மாதிரி பெயர் வைத்திருக்கிறார்களே, விஷயம் இவ்வளவுதான். ரோடு போட்டவர் ரோட்டுக்குக் காசு வாங்கலாம். மூட்டையைப் பிரித்துப் பார்த்து ரேட் போடக் கூடாது.

2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கும் அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து அப்படி ஒரு போர்டு வைத்தார்கள். நம்ம தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில். முப்பது சொச்சம் வெப்சைட்கள் மட்டும் இலவசம். எவை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பிறகு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயர் மாற்றினார்கள். அந்த டிசம்பரில் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம். மார்க் ஸக்கர்பெர்க்கே கட்டுரை எழுதினார். அதில் மகாராஷ்டிர விவசாயி ஒருவர் இந்த இலவசத்தால் மழை நிலவரமும் விலை நிலவரமும் தெரிந்துகொள்கிறார்.

ஏழைக்குக் கிடைக்கிறதை ஏன் சார் தடுக்கிறீர்கள் என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இலவசத்தைப் பற்றித் தமிழனுக்கா பாடம் எடுக்க வேண்டும்? கருணாநிதி அரசு கொடுத்த கலர் டி.வி-யில் ஜெயா டி.வி-யும் தெரிந்தது. ஜெயலலிதா அரசு கொடுத்த லேப்டாப்பில் முரசொலியும் படிக்கலாம். பொருளைக் கொடுத்தார்கள், அதில் எதைப் பார்ப்பது என்பது நம் இஷ்டம். ஃப்ரீ பேசிக்ஸ் அப்படியில்லை. சேனலை அவர்களே திருப்பி வைத்து, ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு போகிற டி.வி. அது.

காமர்ஸ் படித்தவனுக்கு ‘இலவசம்’ என்றதும் ஒரு சந்தேகம் வரும். இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? இங்கே பதில் சுலபம். விளம்பரச் செலவு. வாடிக்கையாளர் பிடிக்கும் செலவு.

ஏப்ரல் 2015-ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் ட்ராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8-ம் தேதி ட்ராய் விதி போட்டது. வெப்சைட்டுக்கு ஒரு கட்டணம் என்று டேட்டாவுக்கு விலை வைக்கக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50 ஆயிரம் ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம். ஃப்ரீ பேசிக்ஸ் மூட்டை கட்டியது.

அதனால் என்ன லாபம்? புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்துத் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைப்பதை வீடியோ எடுத்து, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டார்களே, ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, அதைச் சொல்லலாம். ஃப்ரீ பேசிக்ஸில் வீடியோவுக்கே இடமில்லை. விளம்பரத்து விவசாயி விலையைத் தெரிந்துகொள்பவர், அவ்வளவுதான். அவரும் நாலு பேருக்குச் சொல்ல விஷயம் வைத்திருப்பார் என்று விளம்பரம் எடுத்தவர்களுக்குத் தோன்றவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நாம் தூங்கப் போனோம். அங்கேதான் கோட்டை விட்டோம்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 2017 முடிவதற்குள் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மொபைல் கடையைக் கட்டியது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தது. சிக்னல் போய், நம்பரை மாற்றித் தரச் சொல்லித் தமிழ்நாடே அலைந்தது ஞாபகம் இருக்கிறதா? மிச்சம் மூன்று தனியார் கம்பெனிகள், ஓரமாக பி.எஸ்.என்.எல். 2024 ஜூலையில் மூன்று பேரும் அடுத்தடுத்த நாட்களில் கட்டணத்தை ஏற்றினார்கள். எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்கவில்லை. எல்லா லாரிக்கும் சமமாக ஏற்றினார்கள். விதிப்படி சரி!

இது போதாதென்று, யூ டியூப் மாதிரி பெரிய கம்பெனிகளும் தங்களுக்குப் பங்கு தர வேண்டும் என்று டெலிகாம் கம்பெனிகள் சில வருஷங்களாகக் கேட்கின்றன. லாரியிடம் சுங்கம் வாங்கியாச்சு, சிமென்ட் ஆலையும் தனியாகக் கட்டட்டும் என்பது போல. ஆலை கட்டினால் அது கடைசியில் மூட்டை விலையில்தான் ஏறும்.

சண்டை இப்போது மூட்டையைப் பற்றியது மட்டுமல்ல, இன்னொரு ரோடு இருக்கிறதா என்பதும்தான். கட்டண உயர்வுக்குக் கோபப்பட்டு லட்சக்கணக்கானவர்கள் பி.எஸ்.என்.எல்-லுக்கு ஓடினார்கள். நாடு முழுக்க அதன் 4ஜி தொடங்கியதோ 2025 செப்டம்பரில். ஜியோவுக்கு ஒன்பது வருஷம் கழித்து! அரசாங்கத்து ரோடு இத்தனை தாமதமானால் தனியார் சுங்கச்சாவடிக்காரர் எதற்கு பயப்பட வேண்டும்?

2015-ல் பத்து லட்சம் மெயில் போட்டோம். 2024-ல் முணுமுணுத்துக்கொண்டே ரீசார்ஜ் செய்தோம். பி.எஸ்.என்.எல். டவர் எப்போது ஒழுங்காக வேலை செய்யும் என்று கேட்டு ஒரு மெயில் போட்டோமா?