சதுரங்க மென்பொருளும் வாங்குவோரின் அளவுகோலும்

வீட்டுக் கணினிக்கான சதுரங்க மென்பொருள் கடைக்கு வந்த நாள் முதல், வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி எது பலமாக ஆடும் என்பதுதான். அதற்கான விடையை ஓர் எண்ணில் தேடினார்கள். ஆட்டக்காரர்களின் வலிமையை அளக்கும் எலோ தரப்புள்ளியே அந்த எண். சுவீடன் கணினிச் சதுரங்கக் கழகம் 1980-களில் தொடங்கிய தரவரிசைப் பட்டியலில் முதலிடம் கிடைத்தால், நிறுவனங்கள் அதைப் பெட்டியின் மேலேயே அச்சிட விரும்பின.

அந்தக் காலத்தில் இந்த அளவுகோலில் நியாயம் இருந்தது. வீட்டுக் கணினியில் ஓடிய நிரலை ஒரு நல்ல கழக ஆட்டக்காரர் வென்றுவிட முடிந்தது. ஆகவே நூறு புள்ளி கூடினால் எதிராளி உண்மையிலேயே வலுப்பெற்றதாக உணர முடிந்தது. 1995-இல் ஹாங்காங்கில் நடந்த உலகக் கணினிச் சதுரங்கப் போட்டியில், சாதாரணக் கணினியில் ஓடிய ஃபிரிட்ஸ், ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ முன்மாதிரியைத் தோற்கடித்தது. 2006-இல் பான் நகரில் டீப் ஃபிரிட்ஸ் அப்போதைய உலக வாகையர் விளாதிமிர் கிராம்னிக்கை 4-2 என்று வென்றது. உலக வாகையரே தோற்ற பிறகு பலம் என்ற கேள்வி மனிதருக்கு முடிந்துபோயிற்று. 3200 புள்ளிப் பொறியும் 3500 புள்ளிப் பொறியும் 1500 புள்ளி மாணவரை ஒரே மாதிரிதான் நசுக்கும். அதோடு, இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் பொறிகள் தமக்குள் ஆடிப் பெற்றவை. மனிதரின் தரப்புள்ளியோடு அவற்றை நேராக ஒப்பிடவும் முடியாது.

ஆனால் பழக்கம் மாறவில்லை. இதற்கு ஃபேட் ஃபிரிட்ஸ் 2 நல்ல சான்று. 2021 பிப்ரவரியில் செஸ்பேஸ் நிறுவனம் இதை ஏறத்தாழ 100 யூரோவுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது ஸ்டாக்ஃபிஷ் என்ற பொறி. 2008 முதல் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறமூல நிரல் அது. நரம்பு வலையமைப்பு மட்டும் புதிதாகப் பயிற்றப்பட்டிருந்தது. ஸ்டாக்ஃபிஷ் ஆக்குநர்கள் ஜிபிஎல் உரிமம் மீறப்பட்டதாக 2021 ஜூலையில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. உரிமச் சிக்கலைப் பலரும் பேசினார்கள். வாங்கியவர்கள் 100 யூரோவை எதற்குத் தந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இலவசமாகக் கிடைக்கும் பலத்தின் மேல் இன்னும் கொஞ்சம் பலம் என்ற வாக்குறுதிக்கும், ஃபிரிட்ஸ் என்ற பழைய பெயருக்கும் தந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

மாணவருக்கு உண்மையில் தேவை, தன் அளவுக்கு இறங்கி ஆடத் தெரிந்த எதிராளி. பொறியியல் நோக்கில் இது பலமாக ஆடுவதை விடக் கடினம். பல மென்பொருள்களில் நிலையைக் குறைத்தால், பொறி பத்து நகர்த்தல் வரை மேதையைப் போல ஆடிவிட்டு, பதினோராவதில் ராணியைச் சும்மா கொடுத்துவிடும். எந்தத் தொடக்கக்காரரும் அப்படித் தவறுவதில்லை. இதோடு ஆடிப் பழகும் மாணவர் திட்டமிடக் கற்பதில்லை, தானம் வரும் வரை காத்திருக்கக் கற்கிறார். செஸ்மாஸ்டர் வரிசை இவ்வளவு காலம் விரும்பப்பட்டதற்கு அதன் பொறி முதன்மைக் காரணமல்ல. வெவ்வேறு குணமும் வலிமையும் கொண்ட கற்பனை எதிராளிகளும், ஜாஷ் வைட்ஸ்கின் நடத்திய பாடங்களுமே மக்களை ஈர்த்தன. 2007-க்குப் பின் கணினிக்கு அதன் புதிய பதிப்பு வரவில்லை என்பது இத்துறையின் இழப்பு. 2020-இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று உருவாக்கிய மாயா இன்னொரு வழியைக் காட்டியது. சிறந்த நகர்த்தலைத் தேடாமல், 1100 முதல் 1900 வரையான தரத்தில் ஒரு மனிதர் என்ன ஆடியிருப்பார் என்று கணிக்க அது பயிற்றப்பட்டது. அதன் தவறுகள் மனிதத் தவறுகள். இதுவும் இலவசம்தான்.

போட்டி ஆட்டக்காரரின் கணக்கு வேறு. அவருக்கு ஆட்டத் தரவுத்தளமே உயிர். எதிராளி சென்ற ஆண்டு எந்தத் தொடக்கத்தை ஆடினார், எங்கே தடுமாறினார் என்பதை நிமிடங்களில் எடுத்துத் தருவதற்காக அவர் செலவிடும் பணம் வீணில்லை. விசுவநாதன் ஆனந்தின் தலைமுறை அப்படித்தான் தயாரானது. வார இறுதியில் மட்டும் ஆடும் ஒருவர் அதே தொகுப்பை வாங்கினால், பல லட்சம் ஆட்டங்கள் திறக்கப்படாமலே கிடக்கும்.

யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. மென்பொருள் யூசிஐ நெறிமுறையை ஏற்கிறதா, ஆட்டங்களைப் பிஜிஎன் வடிவில் வெளியே எடுக்க விடுகிறதா? முதலாவது இருந்தால் பழைய இடைமுகத்திலேயே அடுத்த ஆண்டின் பொறியைப் பொருத்திக்கொள்ளலாம். இரண்டாவது இல்லையென்றால், மாணவர் ஐந்தாண்டு குறித்துவைத்த தன் சொந்த ஆட்டங்கள் அந்த மென்பொருளோடேயே போய்விடும்.